ஜகாத்தும் ஊர் விட்டு வந்தவர்களும்



சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் இருக்கும்போது திருச்சி காட்டூரிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஜகாத் பற்றி நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை நகைக் கணக்குப் பற்றியவை. இத்தனை பவுன் இருக்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதோடு முடிந்துவிடும். இத்தாயாரோ கணக்கைத் தாமே சரியாகப் போட்டு முடித்துவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று கேட்டிருந்தார்.

தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவருக்கு வீடு. பின்கட்டில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒன்றில் மேற்கு வங்காளம் முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார், அவர் மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, கொத்தனாரின் தம்பி. மற்றதில் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் மூன்று ஒடிசா இளைஞர்கள். கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மாதம் 3,500 வீதம் இரண்டு மாத வாடகை 7,000 ரூபாய் நிற்கிறது. அதைத் தாயார் கேட்கவில்லை. “நான் கொடுக்க வேண்டிய ஜகாத்தில் இந்த ஏழாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் கூடுமா?” இது அவருடைய முதல் கேள்வி.

இரண்டாவது ஒரு மனக்குறை. மஹல்லாவில் ரமளானுக்குக் கொடுக்கும் அரிசிப் பைக்கு அக்குடும்பத்தின் பெயரைச் சொன்னாராம். சந்தா கட்டும் குடும்பம் இல்லை, குடும்ப அட்டை நகலும் இல்லை, ஆகவே பட்டியலில் சேர்க்க வழியில்லை என்று பதில் வந்ததாம். எந்த மஹல்லா என்று அவர் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை, நம் ஊர்களில் பல இடங்களில் இதுவே வழக்கம் என்பது நாம் அறிந்ததுதான். மூன்றாவது, அந்த ஒடிசாப் பிள்ளைகள் முஸ்லிம்கள் அல்லர். அவர்களுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்ற சந்தேகம்.

கடிதத்தின் அடியில் இரண்டு வரி சேர்த்திருந்தார். “அந்தப் பெண் என்னைச் சாச்சி என்று கூப்பிடுகிறாள். அவர்கள் பாஷையிலும் அதே சொல்தானாம். என் மகன் ஜுபைலில் இருக்கிறான். அங்கே அவன் யாரைச் சாச்சி என்று கூப்பிடுகிறானோ தெரியவில்லை.”

இம்மாதப் பாடத்தை இக்கடிதத்துக்குரிய பதிலாகவே அமைத்துக்கொள்கிறோம்.

பதிவேடும் பால்குடிக் குழந்தையும்

சட்டத்துக்குப் போகுமுன் ஒரு சம்பவம். இப்னு ஸஅத் அவர்கள் தங்கள் ‘தபகாத்’ நூலில் பதிவு செய்திருப்பது. பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் இந்தத் தாயாரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் ஒரு முறை கேளுங்கள்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் மதீனாவுக்கு வெளியூர் வணிகக் கூட்டம் ஒன்று வந்து, தொழுகைத் திடலில் இறங்கியது. இரவில் திருட்டுப் போகாமல் அவர்களுக்குக் காவல் இருப்போம் என்று ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு கலீஃபா அவர்களே போனார்கள். இருவரும் தொழுதுகொண்டும் காவல் காத்துக்கொண்டும் இருக்கையில் ஒரு குழந்தை அழும் சப்தம் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் போய்க் குழந்தையைக் கவனிக்கும்படி தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மறுபடி அழுகை, மறுபடி சொன்னார்கள். இரவின் பிற்பகுதியில் மூன்றாம் முறையும் அழுகை கேட்கவே, தாயைக் கடிந்துகொண்டார்கள். தம்மிடம் பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண், குழந்தைக்குப் பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், அது மறக்க மாட்டேன் என்கிறது என்றாள். ஏன் அவசரம் என்று கேட்டார்கள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை எழுதுகிறார் என்று பதில் வந்தது. குழந்தைக்கு வயதோ சில மாதங்கள்தான்.

அன்று சுப்ஹுத் தொழுகையில் அவர்களின் அழுகையால் கிராஅத்தே மக்களுக்கு விளங்கவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. தொழுகை முடிந்ததும், பால்குடிப் பிள்ளைகளை அவசரப்பட்டு மறக்கடிக்க வேண்டாம், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இனி உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் அதை எழுதியும் அனுப்பினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விதியை வகுத்தவர் கல்நெஞ்சர் அல்லர். பைத்துல்மாலின் பொருளை ஒழுங்காகப் பங்கிட ஒரு பதிவேடு வேண்டியிருந்தது. பதிவேட்டுக்கு ஒரு வரையறை வேண்டியிருந்தது. அந்த வரையறை ஒரு பச்சிளங்குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கியது மதீனாவில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியவில்லை. திடலில் வெளியூர்க்காரர்களுக்கு நடுவே ஓர் இரவைக் கழித்த பிறகே தெரிந்தது.

இன்றைய பதிவேடு

காட்டூர் ரேஷன் கடையில் கொத்தனார் குடும்பத்துக்கு அரிசி கிடைக்காததற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் அல்ல. தமிழகத்தில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி கொடுக்கப்படுகிறது. அதைப் பெற இவ்வூர் முகவரியில் அட்டை வேண்டும். வேறு மாநிலத்து அட்டையில் பெயர் இருக்கலாகாது. முர்ஷிதாபாத்தில் தாய் தந்தையோடு பெயர் இருக்கும் ஒருவர் அதை வெட்டிக்கொண்டு வந்தால் ஊரிலுள்ள முதியவர்களின் பங்கில் கைவைத்ததாகும். வெட்டாவிட்டால் இங்கே அட்டை இல்லை.

இந்தச் சிக்கலுக்காகவே ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்ற ஏற்பாடு வந்தது. தமிழகத்தில் 2020 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிற மாநிலத்து அட்டைக்காரர் இங்கே கைரேகை வைத்துத் தமக்குரிய மத்திய அரசின் தானியத்தை வாங்கலாம். குடும்பத்தில் ஒருவர் பங்கை இங்கும் மற்றவர் பங்கை ஊரிலும் எடுக்கலாம். அல்லாஹ்வுக்கே புகழனைத்தும், இதனால் பயன் அடைந்தவர்கள் உண்டு. ஆனால் பெயர் அட்டையில் இருக்க வேண்டும், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும், ஊரில் உள்ளவர்கள் அந்த மாதத்துப் பங்கை முன்பே வாங்கியிருக்கலாகாது. கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் தகப்பனார் அட்டையிலேயே கிடக்கும். இங்கே பிறந்த குழந்தையின் பெயர் எதிலுமே இராது. தாயார் விசாரித்ததில் அந்த வீட்டில் நிலைமை இதுதான். அன்றியும் இந்த ஏற்பாட்டில் மத்திய அரசின் தானியம் மட்டுமே உண்டு. தமிழக அரசு தன் அட்டைக்காரர்களுக்குத் தரும் பருப்பும் எண்ணெயும் பொங்கல் தொகுப்பும் கிடையா. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் இவ்வூர்க் குடும்ப அட்டையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

2020 மார்ச் 25இல் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. தமிழகத்தில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அட்டையில்லாதவர் கைவிரித்து நின்றார். அட்டையில்லாத புலம்பெயர்ந்தோருக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம், இரண்டு மாதத்துக்கு என்று மத்திய அரசு மே மாதத்தில் அறிவித்தது. அவர்கள் 8 கோடிப் பேர் என்பது அரசே சொன்ன உத்தேசக் கணக்கு. அதற்குள் எத்தனையோ பேர் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், வழியிலே மௌத்தானவர்கள் நீங்கலாக. பிறகு 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம் இத்தொழிலாளர்களுக்காக விரிவான கட்டளை பிறப்பித்தது. அட்டை இல்லாதோருக்கு அட்டை வழங்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலும் மாநிலங்களுக்குச் சொன்னது.

வெகுதூரம் போவானேன்? காட்டூரிலிருந்து கிழக்கே துவாக்குடி தாண்டினால் வாழவந்தான்கோட்டை, விமான நிலையத்தின் பக்கம் கொட்டப்பட்டு. இரண்டிலும் இலங்கையிலிருந்து வந்த நம் தமிழ் மக்களுக்கான முகாம்கள் உள்ளன. 1983க்குப் பிறகு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். முகாமில் பதிவு உள்ளவருக்கு மாத உதவித்தொகையும் அரிசியும் உண்டு. போலீஸில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த உதவித்தொகை இல்லை. ஒரே படகில் வந்த அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை என்ற நிலைமை இப்படித்தான் ஏற்படுகிறது.

அரசாங்கத்தைக் குறை கூற இதை நாம் எழுதவில்லை. எந்தப் பதிவேட்டுக்கும் விளிம்பு ஒன்று உண்டு. விளிம்புக்கு வெளியே ஆளும் உண்டு. நம்முடைய கேள்வி, ரேஷன் கடைப் பதிவேட்டின் விளிம்பும் நம் பள்ளிவாசல் நோட்டின் விளிம்பும் ஒரே கோட்டில் போய் விழலாமா என்பதே.

அவர் ஜகாத்துக்கு உரியவரா?

திருமறையின் 9ஆவது அத்தியாயம் 60ஆவது வசனம் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரைச் சொல்கிறது. ஃபகீர், மிஸ்கீன் என்று தொடங்கி, இப்னுஸ் ஸபீல் என்னும் வழிப்போக்கரில் முடிகிறது. பொருளின் பாதுகாவலனாகிய இறைவன் தன் பட்டியலிலேயே ஊர் இல்லாதவனுக்கு ஓரிடம் ஒதுக்கியிருக்கிறான் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

ஆனால் கொத்தனாரை இப்னுஸ் ஸபீல் என்று சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஹனஃபி கிதாபுகளின்படி, சொந்த ஊரில் பொருள் இருந்தும் இங்கே கையில் இல்லாமல் திகைத்து நிற்பவர் இப்னுஸ் ஸபீல். அவருக்குத் தேவையான அளவு மட்டும் கொடுக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில், நம் ஊரிலிருந்து பயணம் புறப்படுகிறவரும் இதில் அடங்குவார். பயணம் பாவத்துக்கானதாக இருக்கலாகாது. (இங்கே இடையில் ஒன்று. ஊரில் பணமுள்ளவர் இக்காலத்தில் போனைத் தட்டினால் நிமிஷத்தில் இங்கே பணம் வந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர் பர்ஸைத் தொலைத்துவிட்டேன் என்று பள்ளிவாசல் வாசலில் நின்றால், சற்று விசாரித்துக் கொடுப்பதில் தவறில்லை.)

கொத்தனாரின் விஷயமோ வேறு. அவருக்கு ஊரிலும் பொருள் இல்லை. ஹனஃபி மத்ஹபில், அன்றாடத் தேவைகள் போக நிஸாபு அளவு, அதாவது சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்பு, சொந்தமாக இல்லாதவர் ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவர். உடுதுணி, பாத்திரம், கரண்டி, மட்டக்கோல் போன்ற தொழிற்கருவிகள் இக்கணக்கில் சேரா. உடம்பில் தெம்பும் கையில் வேலையும் இருந்தாலும்கூட, நிஸாபு இல்லையானால் கொடுப்பது கூடும். ஷாஃபிஈ மத்ஹபில், தம் தேவைக்குப் போதுமான வருமானம் தரும் தொழில் உள்ளவருக்குக் கொடுக்கலாகாது. தொழில் இருந்தும் போதாதவர் மிஸ்கீன் ஆவார். கால் முறிந்து கிடப்பவர் விஷயத்தில் இரு மத்ஹபுகளுக்கும் வேற்றுமைக்கே இடமில்லை. அவருடைய தம்பி நாள்தோறும் வேலைக்குப் போகிறார். அவரிடம் நிஸாபு இல்லையானால் ஹனஃபிகள் அவருக்கும் கொடுக்கலாம்; ஷாஃபிஈகள் அவர் வருமானத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண்ணிடம் பொருள் எதுவும் இல்லையென்றால் நேராக அவள் கையிலேயே கொடுக்கலாம். கணவரின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை.

‘அவர் நம் ஊர்க்காரர் இல்லையே’ என்பதற்கு வருவோம். ஜகாத்தை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோவது பற்றி ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சொல் கண்டிப்பானது. பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே தகுதியுள்ளவர் இருக்கும்போது வேறு ஊருக்கு அனுப்புவது கூடாது. ஹனஃபி மத்ஹபில், உறவினருக்காகவோ கூடுதல் தேவையுள்ளவருக்காகவோ அன்றி அனுப்புவது மக்ரூஹ். சரி, ‘அந்த ஊரின் ஏழை’ என்றால் யார்? அந்த ஊரில் பிறந்தவரா, பாட்டன் பெயர் கபரஸ்தானில் உள்ளவரா, சந்தா ரசீது வைத்திருப்பவரா? கிதாபுகள் பார்ப்பது அந்த நேரத்தில் அவ்வூரில் இருக்கிறாரா என்பதையே. நிலையாகக் குடியிருப்போருக்கு முதலிடம் தருவது நல்லது என்று சொன்னவர்களும், வந்து தங்கியவரை நீக்கிவிடவில்லை.

சந்தா என்பது ஜமாஅத்தை நடத்த நாம் வகுத்துக்கொண்ட நல்ல ஒழுங்கு. நிக்காஹ் புத்தகத்துக்கும் கபரஸ்தான் பராமரிப்புக்கும் முஅத்தின் சம்பளத்துக்கும் அது தேவை. ஆனால் ஜகாத்தின் தகுதிக்கு அதை நிபந்தனையாக்க நமக்கு அதிகாரம் இல்லை. எட்டு வகையாருடன் ஒன்பதாவதாக ‘சந்தாதாரர்’ என்று சேர்க்கவும் முடியாது. எட்டில் ஒன்றை அடிக்கவும் முடியாது.

வாடகையைக் கழிக்கலாமா?

இதுவே தாயாரின் முதல் கேள்வி. கூடாது என்பதே பதில். காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஜகாத் நிறைவேற, பொருள் ஏழையின் கைக்குப் போய் அவருக்குச் சொந்தமாக வேண்டும். இதைத் ‘தம்லீக்’ என்பர். கடனைத் தள்ளுபடி செய்யும்போது எதுவும் அவர் கைக்குப் போகவில்லை. நமக்கு வர வேண்டியது வரவில்லை, அவ்வளவே. அது பெரிய நன்மைதான். ஆனால் ஜகாத் என்ற ஃபர்ளு அதனால் நீங்காது.

வழி உண்டு. ஜகாத் தொகையை அவர் கையில் கொடுங்கள். அது அவருடையதாகிவிட்டது. அதன் பிறகு அவர் அதிலிருந்து வாடகையைத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஜகாத்தும் நிறைவேறும், கடனும் தீரும். ஆனால் ‘இதை எனக்கே திருப்பித் தர வேண்டும்’ என்று நிபந்தனை போடலாகாது. ஒரு கையால் நீட்டி மறு கையால் பிடுங்குவது கொடுத்ததாகாது. அவர் அதைக் கொண்டு மருந்து வாங்கலாம், ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம், தாய்க்கு அனுப்பலாம். நாம் கணக்குக் கேட்க உரிமை இல்லை.

கஞ்சி, சாப்பாடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடுவது ஹனஃபி சட்டப்படி ஜகாத்தில் சேராது, அது ஸதகா. அரிசியாகவோ பொட்டலமாகவோ கையில் கொடுத்துச் சொந்தமாக்கினால் அதன் மதிப்பு ஜகாத்தில் சேரும். ஷாஃபிஈகள் பணத்தின் ஜகாத்தைப் பணமாகவே கொடுக்க வேண்டும்.

நோன்புக் கஞ்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2001 முதல் ரமளானில் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென்று தமிழக அரசு பச்சரிசி வழங்கி வருகிறது.  அட்டை இல்லாததால் கடையில் அரசு அரிசி வாங்க முடியாத அந்தக் குடும்பம், அஸருக்குப் பின் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் நின்றால் அதே அரசின் அரிசியைக் கஞ்சியாகப் பெறுகிறது. அங்கே அட்டை கேட்பாரில்லை. கஞ்சி அண்டாவுக்கு இருக்கும் தாராளம் அரிசிப் பைப் பட்டியலுக்கு இல்லாமற் போனதேன் என்று நாம் யோசித்ததுண்டு. கஞ்சி ஊற்றுகிறவர் முகத்தைப் பார்க்கிறார். பட்டியல் எழுதுகிறவர் நோட்டைப் பார்க்கிறார்.

மேஸ்திரியைக் கேட்டீர்களா?

தாயார் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருந்தது. கொத்தனாரை வேலைக்கு வைத்த காண்ட்ராக்டர் என்ன கொடுத்தார்? வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது இந்நாட்டில் 1923 முதல் சட்டம். வெளி மாநிலத்துக்காரர் என்பதால் அது குறைந்துவிடாது. கட்டுமானத் தொழிலாளர்க்குத் தமிழகத்தில் 1994 முதல் தனி நலவாரியம் உண்டு. அதில் பதியாதவராயினும் முதலாளியின் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

இதை ஏன் ஜகாத் பாடத்தில் எழுதுகிறோம் என்று கேட்கலாம். ஒருவருக்கு உரிமையாக வர வேண்டிய பொருளை இன்னொருவர் வைத்துக்கொண்டிருக்க, நாம் ஜகாத்தைக் கொண்டு அந்த ஓட்டையை அடைத்தால், அநியாயம் செய்தவருக்கே ஜகாத் கொடுத்ததாக ஆகிவிடும் அபாயம் உண்டு. பசிக்கு இன்றே கொடுங்கள்; அதைத் தள்ளிப்போடலாகாது. அத்துடன், பாஷை தெரியாத அம்மனிதருக்காக மஹல்லாவில் நாலு எழுத்துப் படித்த ஒருவர் காண்ட்ராக்டரிடமும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் கூடப் போய் வருவது, பல ஆயிரம் ரூபாய் ஸதகாவுக்கு ஈடாகும். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் அன்ஸாரித் தோழர் பாதிச் சொத்தைத் தர முன்வந்தபோது, துஆச் செய்துவிட்டுக் கடைத்தெருவுக்கு வழி கேட்டதை நாம் அறிவோம். பிழைக்க வந்தவர்களில் பலர் கேட்பது அந்த வழியைத்தான். காட்டூரில் அந்த வழி சில நேரம் ஓர் அலுவலகத்தின் மாடிப்படியாக இருக்கிறது.

ஒடிசாப் பிள்ளைகள்

ஃபர்ளான ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்குரியது என்பது நான்கு மத்ஹபு இமாம்களின் பொதுவான தீர்ப்பு. ஆனால் ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. பிற மதத்து உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கலாமா என்று ஸஹாபாக்கள் தயங்கியபோதுதான் திருமறையின் 2:272 வசனம் இறங்கியது என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளார்கள். அவர்களை நேர்வழியில் சேர்ப்பது உங்கள் பொறுப்பல்ல, நீங்கள் கொடுப்பதன் பலன் உங்களுக்கே என்பது அதன் கருத்து. ஸதகத்துல் ஃபித்ரைக்கூட முஸ்லிமல்லாத ஏழைக்குக் கொடுக்கலாம் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோர் கூறினார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களும் ஷாஃபிஈ மத்ஹபினரும் கூடாது என்றார்கள். அதே இமாம் அபூயூசுஃப் அவர்கள்தாம் தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில், வாசல்தோறும் கையேந்திய பார்வையற்ற யூத முதியவரை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய்க் கொடுத்ததையும், அவரிடமும் அவரைப் போன்றவரிடமும் வரி வாங்க வேண்டாம், பைத்துல்மாலிலிருந்து அவர்களைக் கவனியுங்கள் என்று கட்டளையிட்டதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே தாயார் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சியும் பெருநாள் சோறும் தாராளமாகக் கொடுக்கலாம். காய்ச்சலில் கிடந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். அண்டை வீட்டார் என்ற வகையில் அவர்களுக்கு இருக்கும் ஹக்கு வேறு, அது மதம் பார்ப்பதில்லை.

நாமும் வந்தேறிகளாக இருந்தோம்

1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது, உடுத்திய துணியோடு கப்பலேறி வந்தவர்கள் நம்மவர்களில் உண்டு. சிங்கப்பூரில் கூலி வேலைக்குப் போன கடையநல்லூர் மக்கள், அந்நாட்டு அரசு தங்களைக் கவனிக்கும் என்று காத்திராமல் 1941இல் தங்களுக்கென்று முஸ்லிம் லீக் சங்கம் கண்டார்கள். 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் நடத்தத் தொடங்கினார்கள். இன்று வளைகுடாவில் நம் பிள்ளைகளின் நிலை என்ன? அந்நாட்டுக் குடிமக்களுக்கு உள்ள சலுகைகள் இவர்களுக்கு இல்லை. வேலை போனால் அறைத் தோழர்கள்தாம் சோறு போடுகிறார்கள். மௌத்தானால் ஊர்க்காரர்கள்தாம் சந்தா வசூலித்து ஆகவேண்டியதைச் செய்கிறார்கள். ரமளானில் அங்குள்ள இஃப்தார்க் கூடாரங்களில் எந்த நாட்டுக்காரர் என்று கேளாமல் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். ஜுபைலில் தாயாரின் மகனும் அப்படி ஒரு கூடாரத்தில் நோன்பு திறந்திருப்பார்.

உதவி என்பது முதல் மாதத்தில் எளிது, பத்தாம் வருஷத்தில் கடினம் என்பதற்கு இலங்கைப் புத்தளம் சாட்சி. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கல்பிட்டிப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். அவ்வூர் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். சமைத்துப் போட்டார்கள், தென்னந்தோட்டங்களில் ஓலைக் குடிசை போட இடம் கொடுத்தார்கள். வருஷங்கள் போயின. குடிநீருக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் கூலி வேலைக்கும் இரு சாராரும் ஒருவரை ஒருவர் நெருக்க வேண்டி வந்தது. வந்தவர்களோ புத்தளத்து வாக்காளராகப் பெயர் மாற்றினால் நிவாரணம் போய்விடுமோ என்று அஞ்சி, இருபது வருஷம் கடந்தும் மன்னார்க்காரராகவும் யாழ்ப்பாணத்தாராகவும் ஏட்டில் இருந்தார்கள். மனக்கசப்புகள் ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை. ஆயினும் முதல் இரவில் யாரும் அட்டை கேட்கவில்லை.

நோட்டில் ஒரு பக்கம்

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நாம் சொல்வது சிறிய காரியம்தான். ரமளான் பட்டியல் நோட்டில், மஹல்லாக் குடும்பங்களுக்குப் பின் ‘வந்து தங்கியிருப்போர்’ என்று ஒரு பக்கம் விடுங்கள். அதற்கு அட்டை நகல் வேண்டாம். வீட்டு உரிமையாளர் அல்லது ஜும்ஆவில் பழகிய இருவர் சொன்னால் போதும். ஷஃபானிலேயே லைன் வீடுகள் உள்ள சந்துகளில் ஒரு முறை நடந்து பாருங்கள். பெண்களிடம் விசாரிக்க நம் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள். அந்தத் தாயாருக்குத் தெரிந்தது முத்தவல்லிக்குத் தெரியாமல் போனது அவர் குற்றமல்ல. ஏமாற்றுவோர் வருவார்களே என்றால், வருவார்கள். சந்தாப் பட்டியலிலும் அப்படிப்பட்டவர் இல்லாமல் இல்லை. விசாரித்துத் தகுதியுள்ளவர் என்று நம்பிக் கொடுத்தபின் அவர் தகுதியற்றவர் என்று தெரிய வந்தாலும், ஹனஃபி சட்டப்படி ஜகாத் நிறைவேறியதாகவே ஆகும். விசாரிக்காமல் கொடுத்தால்தான் சிக்கல்.

பெருநாளுக்குப் பின் தாயாரிடமிருந்து மறு கடிதம் வந்தது. நாம் எழுதியபடியே ஜகாத் பணத்தை, நிபந்தனை எதுவும் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை அவள் 6,000 ரூபாயைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். மீதியை மருந்துக்கும் குழந்தைக்குப் பாலுக்கும் வைத்துக்கொண்டதாகச் சைகையால் சொன்னாளாம். காண்ட்ராக்டர் விஷயமாகத் தாயாரின் மருமகன் போய் வந்து கொண்டிருக்கிறாராம். முதலில் ஆளே தெரியாது என்றவர் இப்போது ஆஸ்பத்திரிச் செலவை ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

கடிதத்தில் இன்னொரு மஸ்அலாவும் இருந்தது. “நிற்கும் ஆயிரம் ரூபாயை நான் கேட்கலாமா, அல்லது ஜகாத்தில் போய்விட்டதாகக் கொள்ள வேண்டுமா?”

ஜகாத் வேறு, வாடகைப் பாக்கி வேறு. பாக்கி அவர் மீது கடனாகவே நிற்கிறது. விட்டுக்கொடுத்தால் ஸதகா, கேட்டால் உங்கள் உரிமை. ஆனால் நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை தரும்படி திருமறை 2:280இல் கட்டளை இருக்கிறது. அவர் மறுபடி சாரத்தில் ஏறி இரண்டு மூன்று வாரக் கூலி வாங்கட்டும், அதன் பிறகு கேளுங்கள்.